மூன்றாய்ப் பிரித்த திறப்பு

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை நேசமலரைக் குசினி வாசலில், கையில் போனோடு நிற்கவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகுவதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

போனில் தெரிந்தது ஒரு பூச்சியம்.

பித்தப்பைக் கல் எடுக்க ஒப்பரேசனுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்த்தபோது, அந்த இடத்தில் அவளுடைய ஆயுட்கால உழைப்பு இருந்தது.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. நேசமலர் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக் கிளையொன்றின் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சீனி, மா, மண்ணெண்ணெய் என்று ஊருக்கே நிறுத்துக் கொடுத்தவள். ஓய்வோடு ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்தது. எல்லோரும் சொன்னபடி வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டாள். அடுத்த வருடமே நாடு கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. ரூபாய் பாதிப் பெறுமதிக்கு வந்து நின்றது. வங்கிக் கொப்பியில் எண் அப்படியே இருந்தது. அதற்கு வாங்கக்கூடிய சாமான்தான் பாதியாகிவிட்டது.

அந்த வயிற்றெரிச்சலில் எடுத்த முடிவுதான் பிட்கொயின். யூரியூப்பில் பார்த்தாள், விளங்காததைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், வைப்பை உடைத்து மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாள். அவள் இருக்கிற வட்டக்கச்சியில் அறுபதை எட்டிப் பிடிக்கிற ஒரு பெண் பிட்கொயின் வாங்குகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்தது. அவளுடைய புருசன் கதிர்காமநாதனும் சேர்ந்து சிரித்தார். நெல்லென்றால் மூட்டையைத் தொட்டுப் பார்க்கலாம், இதை எங்கே தொடுவது என்று கேட்டார். விலை விழுந்தபோது இன்னும் சிரித்தார்கள். அப்போதும் அவள் வாங்கினாள். பிறகு விலை ஏறத் தொடங்கியது. ஏற ஏறச் சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அவள் கேட்டது பெரிய சீவியம் ஒன்றுமில்லை. சாகும்வரைக்கும் யாருடைய கையையும் எதிர்பாராமல் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் காசு கிடக்கிற பெட்டிக்குத் திறப்பு, அதாவது சாவி, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். எந்தப் போனிலும் அந்தப் பன்னிரண்டையும் ஒழுங்காகப் போட்டால் பெட்டி திறந்துவிடும். போன் தொலைந்தால் கவலையில்லை. சொற்கள் தொலைந்தால் கடவுளாலும் எடுத்துத் தர முடியாது.

சொற்களைக் காக்கிற விசயத்தில் நேசமலர் அசல் வன்னிக்காரியாக நடந்துகொண்டாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் எந்தக் குடும்பமும் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டதில்லை. காணி உறுதி தகப்பனிடம், நகை தாயின் மடியில், பிறப்புச் சான்றிதழ்கள் பிள்ளையின் புத்தகப் பையில். அதே மாதிரிச் சொற்களையும் பிரித்தாள். முதல் நாலு புருசனுக்கு. நடு நாலு மகள் சிவதர்சினிக்கு. கடைசி நாலு மகன் சுகிர்தனுக்கு. தாளில் எழுதவேயில்லை. தாள் எரியும், நனையும், சோதனைச் சாவடியில் பறிபோகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாய்ப்பாடு மாதிரி ஆளாளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தாள்.

"எனக்கு ஏதும் நடந்தா மட்டும் மூண்டு பேரும் சேருங்கோ. அதுவரைக்கும் ஒராளின்ர சொல்லை மற்றாளுக்குச் சொல்லப்படாது" என்றாள்.

கதிர்காமநாதனுக்கு வாய்த்த நாலும் அங்கிள், றைஸ், கனால், கோட். "மாமா, அரிசி, வாய்க்கால், ஆடு. எங்கட வீட்டு விசயந்தானே!" என்று அவர் சொல்லிச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கு வயிறு எரிகிறது.

சரி, குசினிக்கு வருவோம்.

"நேசம், பால் எரியுது!" என்று கதிர்காமநாதன் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"நெற்வேர்க் பிழையாக்கும். பின்னேரம் பார்ப்பம்."

"நெற்வேர்க்கில ஒரு பிழையும் இல்லை. ஆரோ எடுத்திருக்கினம். இஞ்ச திகதி கிடக்கு பாருங்கோ. வியாழக்கிழமை, முற்பகல்."

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அவளை மயக்கி மேசையில் கிடத்தியிருந்த நாள் அது. அவள் நினைவில்லாமல் கிடந்த நேரம் பார்த்து யாரோ அவளுடைய எதிர்காலத்தை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கதிர்காமநாதன் கதிரையில் மெல்ல இருந்தார். "இப்பத்தைக் காலத்தில களவு எங்கேயிருந்தெல்லாமோ செய்யிறாங்களாமே."

"என்ர பெட்டிக்குள்ள வெளியாள் வரேலாது. பன்னிரண்டு சொல்லும் வேணும். உங்களிட்ட இருக்கிறது நாலுதான். மிச்சம் எட்டும் பிள்ளையளிட்ட." சொல்லச் சொல்ல அவளுக்கே அது விளங்கத் தொடங்கியது. "வெளிக்கிடுங்கோ. சுகிர்தன்ர கடைக்குப் போவம்."

"இண்டைக்கு எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி முறை, நேசம். இண்டைக்கு விட்டா..."

"இரணைமடுக் குளத்துத் தண்ணி இண்டைக்கு வத்திப் போகாது. எடுங்கோ சைக்கிளை."

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். வெட்டின காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பள்ளம் கண்ட இடமெல்லாம் கதிர்காமநாதன் வேகத்தைக் குறைத்தார். கல்லுக் கண்டால் விலத்தினார். நெல்லேற்றிய உழவு இயந்திரம் ஒன்று எதிரே வந்தபோது, புழுதி அவளுக்குப் படாமல் ஒதுங்கி நின்று விட்டுப் போனார். இந்த மனிசன் பக்கத்தில் இருக்கிறாரே, அது போதும் என்று அவளுக்குப் பட்டது. ஒப்பரேசனுக்குக் கொண்டுபோன அன்றைக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டுக் கதவடியில் அசையாமல் நின்றவர் அல்லவா? அவரைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவேயில்லை. அவர்மேல் எனக்கும் நல்ல மதிப்புத்தான் இருந்தது.

கிளிநொச்சியில் ஏ ஒன்பது வீதியோரம், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் கடையில் சுகிர்தன் வேலை செய்கிறான். தாயைக் கண்டதும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தான்.

"என்னம்மா, காயத்தோட இந்த வெயிலுக்குள்ள?"

"தம்பி, காசு இல்லை. எல்லாம் போட்டுது."

"எந்தக் காசு?"

"பெட்டிக்குள்ள இருந்தது. நான் மயங்கிக் கிடந்த அண்டைக்கு ஆரோ திறந்திருக்கினம்."

சுகிர்தனின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "ஆரோவோ? அம்மா, அது நீங்கள்..." என்று தொடங்கியவன் தாயின் தோளுக்கு மேலால் தகப்பனைப் பார்த்தான். கதிர்காமநாதன் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் இல்லாத ஊத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன?" என்றாள் நேசமலர்.

"ஒண்டுமில்லை."

"தம்பி, என்னைப் பார். உன்ர நாலு சொல்லையும் ஆருக்கும் சொன்னனியோ?"

பொய் சொல்ல வராத பிள்ளை அவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தலையைக் குனிந்தான்.

"ஓம் அம்மா. சொன்னனான்."

"ஆருக்கு?"

அவன் எண்ணெய்த் துணியை மறுபடியும் கையில் எடுத்தான்.

"கேக்கிறன் எல்லே, ஆருக்கு?"

"அதை மட்டும் என்னட்டக் கேளாதேங்கோ."

களவு போனதென்று தெரிந்தபோதுகூட அவளுக்கு இப்படி நோகவில்லை. பெற்ற பிள்ளை ஓமென்கிறான், ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டானாம்! யாரோ ஒரு கூட்டாளிக்குக் கொடுத்திருக்கிறான். இல்லாவிட்டால் தானே எடுத்து எங்கேயோ சூது விளையாடியிருக்கிறான்.

"எட்டு வயசில, ஷெல்லடிக்குள்ள மாத்தளனுக்குள்ளால உன்னைக் கூட்டிக்கொண்டு நடக்கேக்க, எங்கட நாலு பேற்ற பிறப்புச் சான்றிதழும் உன்ர புத்தகப் பைக்குள்ள கிடந்தது. தண்ணிக்குள்ள இறங்கேக்கயும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக் காப்பாத்தினனி. இப்ப வளர்ந்த பிறகு நாலு சொல்லைக் காப்பாத்தேலாமப் போச்சோ?"

"அம்மா, ஆக்கள் பாக்கினம்..."

"பாக்கட்டும்! கட்டையில போற வயசில என்னைப் பிச்சைக்காரியாக்கின பிள்ளையை எல்லாரும் பாக்கட்டும். இனி என்ர வீட்டுப் படி மிதியாதை. நான் செத்தாலும் வராதை."

கடைக்குள் சங்கிலி வாங்க வந்திருந்த இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சுகிர்தனின் கண் நிறைந்துவிட்டது. வாயைத் திறந்தான், மறுபடியும் தகப்பனைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

"நேசம், காணும். வாரும், போவம்" என்றார் கதிர்காமநாதன். அவருடைய குரல் நடுங்கியது. மகனை நினைத்து நடுங்குகிறார் என்று அவள் நினைத்தாள்.

"போவம். ஆனா வீட்டை இல்லை. பரந்தனுக்கு."

"சிவாவிட்டயோ? என்னத்துக்கு? அங்க குழந்தை இரவிரவா நித்திரை கொள்ளுறேல்லையாம். பிள்ளையையும் ஏன் சங்கடப்படுத்துவான்? ஆரெண்டு தெரிஞ்சு போச்சுத்தானே."

"இவனிட்ட நாலு. உங்கட நாலையும் நீங்கள் சொல்லிச் சிரிச்சது இவனுக்கும் கேட்டிருக்கும். நடுவில நாலு இல்லாமப் பெட்டி திறக்காது. சிவா எப்பிடி இவனுக்குச் சொன்னவள் எண்டு எனக்குத் தெரிய வேணும்."

கதிர்காமநாதன் மோட்டார் சைக்கிளைப் பரந்தன் பக்கம் திருப்பினார். மகனைப் பேசிய பேச்சு அவளுடைய நெஞ்சுக்குள்ளேயே கிடந்து குத்திக்கொண்டிருந்தது. பேசினது சரிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒரு வேதனையாய் இருந்தது.

மகள் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, "நீர் போய்க் கதைச்சிட்டு வாரும். சைக்கிள் டயருக்குக் காத்துக் குறைவு போல கிடக்கு, பாக்கிறன்" என்று கதிர்காமநாதன் வெளியே நின்றுகொண்டார்.

சிவதர்சினி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வந்தாள்.

"என்னம்மா? காயம் நோகுதோ?"

"நோகிறது காயமில்லை." நேசமலர் கதிரையில் இருந்தாள். அழக்கூடாதென்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பிள்ளை, உன்ர நாலு சொல்லையும் ஏன் தம்பிக்குச் சொன்னனி?"

"தம்பிக்கோ? நான் சொல்லேல்லையே."

"பொய் சொல்லாதை. காசெல்லாம் போட்டுது. தம்பி ஒத்துக்கொண்டிட்டான்."

"அவன் என்னத்தை ஒத்துக்கொண்டவன்?" சிவதர்சினி தாயின் முன்னால் நிலத்தில் குந்தினாள். "அம்மா, என்ன கதைக்கிறியள்? சொல்லச் சொன்னதே நீங்கள்தானே!"

"நானோ?"

"உங்களை வெட்டின அண்டைக்கு. அப்பா ஆஸ்பத்திரியில இருந்து போனில கோல் எடுத்தவர். 'அம்மாவை உள்ளுக்குக் கொண்டு போட்டினம். போகேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவா, பிள்ளையளிட்டச் சொல்லை வாங்கி வையுங்கோ, திரும்பி வருவனோ தெரியாது எண்டு. உன்ர நாலையும் சொல்லு' எண்டவர். நான் அழுதழுது சொன்னனான் அம்மா. நீங்கள் செத்துப் போகப் போறியள் எண்டு நினைச்சனான்."

நேசமலர் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கும் அப்பிடித்தான் எடுத்தவர். அவன் பிறகு எனக்கு எடுத்துக் குழறியழுதவன். நீங்கள் சுகமா வந்தாப் பிறகு அப்பாட்டக் கேட்டனான். 'அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அதைப்பற்றிக் கதைச்சு அவவை யோசிக்கப் பண்ணாதை' எண்டவர். ஏனம்மா, உங்களுக்குத் தெரியாதோ?"

அவளுக்குத் தெரியாது. ஒப்பரேசனுக்குள் போகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, கடையில் வாங்கினாலும் பரவாயில்லை என்று சொன்னாள்.

அந்தச் சொற்களை இன்னொரு போனில் போட்டுப் பெட்டியைத் திறப்பது எப்படியென்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தான் இல்லாத காலத்தில் மனிசன் கஷ்டப்படக் கூடாதென்று ஒரு கிழமையாக இருந்து பழக்கினாள். எங்கே அமத்துவது, எதை அமத்தக் கூடாது என்று கையைப் பிடித்துக் காட்டினாள்.

ஷெல்லுக்கு, நெருப்புக்கு, சோதனைச் சாவடிக்கு, வங்குரோத்துக்கு என்று வெளியிலிருந்து வரக்கூடிய அத்தனைக்கும் வழியை அடைத்தவள், வீட்டுக்குள்ளிருந்து ஒன்று வருமென்று நினைக்கவில்லை. ஓடித் திரிந்த அந்த வருடங்களில் உள்ளுக்குள் யாரும் யாருடைய பையையும் திறந்ததில்லை. அந்த நம்பிக்கையில் கட்டிய பூட்டு அது. வங்கியைப் போல இதற்கு மனேச்சரும் இல்லை, கவுண்டரும் இல்லை. யாரும் கைவைக்க முடியாதென்று பெருமையாகச் சொன்ன காசுக்கு இப்போது முறையிட ஓர் இடமுமில்லை.

எழும்பினாள். சிவதர்சினி தாங்கப் பிடித்த கையை விலக்கிவிட்டு வெளியே போனாள்.

கதிர்காமநாதன் மோட்டார் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பித் தயாராக நிறுத்தி வைத்திருந்தார். அவள் வருகிற விதத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஹெல்மெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க காசு?"

"நேசம், முதல்ல இரும்..."

"எங்க?"

"அழியேல்லை. ஒரு சதமும் அழியேல்லை. ஒராளுக்குக் குடுத்திருக்கிறன். திரும்பி வரும்."

"ஆருக்கு?"

கதிர்காமநாதன் நிலத்தைப் பார்த்தார். "சொல்லேலாது. சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

"எனக்குச் சொல்லேலாத ஆள் உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"உமக்கும் தெரிஞ்ச ஆள்தான். அதுக்கு மேல கேளாதையும்."

நேசமலருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையை விட அது பயங்கரமாக இருந்திருக்க வேண்டும். படலையடியில் நின்ற சிவதர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ஆளை விடுங்கோ. காசையும் விடுங்கோ, அது பிறகு. நான் மயங்கிக் கிடக்கேக்க என்னைச் சாகப்போறவளாக்கிப் பிள்ளையளை அழவைச்சியள். சரி, அதையும் விடுவம். கடையடியில நான் சுகிர்தனைப் பேசேக்க எங்க நிண்டனீங்கள்?"

கதிர்காமநாதன் ஹெல்மெட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

"பக்கத்தில நிண்டனீங்கள். செத்தாலும் வராதை எண்டு நான் என்ர பிள்ளைக்குச் சொல்லேக்க, உங்களுக்காக அவன் வாயை மூடிக்கொண்டு நிக்கேக்க, நீங்கள் கண்ணாடி துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"நான் என்ன செய்ய, நேசம்? அந்த நேரத்தில..."

அவள் கேட்க நிற்கவில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பிரதான வீதியைப் பார்த்து நடந்தாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள் உருண்டு வருகிற சத்தம் கேட்டது. அவர் அதை ஸ்ராட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வந்தார்.

"காயம் பிரிஞ்சு போகும். ஏறும் நேசம். எங்க வேணுமெண்டாலும் கொண்டுபோய் விடுறன். சுகிர்தனிட்டத்தானே போறீர்? நானே கொண்டுபோய் விடுறன்."

அவள் திரும்பவில்லை. வீதிக்கு வந்ததும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்த பேருந்துக்குக் கை காட்டினாள். அது முழுதாக நிற்குமுன்னரே கம்பியைப் பிடித்தாள். நடத்துநர் ஒரு கை கொடுத்து மெதுவாக ஏற்றிவிட்டான். அவன் வெளியே எட்டிப் பார்த்தான். வியர்த்து விறுவிறுத்து, ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் மோட்டார் சைக்கிளுமாகக் கதிர்காமநாதன் பேருந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அம்மா?"

"கிளிநொச்சி."

"ஐயாவும் உங்களோடயோ?"

"இல்லைத் தம்பி. நான் தனிய" என்றாள் நேசமலர்.